உங்களுக்குத் தெரியுமா? வாரிசு இல்லாத பால் பல்

நாற்பது வயதுக்காரர் வாயில் பால் பல் இருக்க முடியும். ஆடாமல், வலிக்காமல், முறுக்கையும் சீடையையும் கடித்து நொறுக்கிக்கொண்டு இருக்க முடியும். பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது. வேறு ஏதோ பல்லுக்காக எக்ஸ்ரே எடுத்த நாளில், “இது இன்னும் பால் பல்தான் சார், கீழே புதுப்பல்லே உருவாகல” என்று டாக்டர் சொல்லும்போதுதான் சங்கதி வெளியே வரும். இந்த முறை முழுக்க அந்தப் பல்லைப் பற்றித்தான்.

✦

முதலில் கணக்கு. பால் பற்கள் 20. அவற்றில் எட்டு கடைவாய்ப் பற்கள். இந்த எட்டும் விழுந்த இடத்தில் பெரியவர்களின் கடைவாய்ப் பல் வருவதில்லை. கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே இருக்கிறதே, சின்னதாக ஒரு பல், அந்த முன்கடைவாய்ப் பல்தான் வரும். பெரியவர்களின் கடைவாய்ப் பற்கள் பன்னிரண்டும் எந்தப் பால் பல்லையும் தள்ளிவிட்டு வருபவை அல்ல. வரிசைக்குப் பின்னால், காலி ஈற்றைக் கிழித்துக்கொண்டு நேரடியாக முளைப்பவை.

ஆறு வயதில் வரும் முதல் நிலைக் கடைவாய்ப் பல் அப்படித்தான், எதுவும் விழாமலே வந்து நிற்கும். அதனால் பல வீடுகளில் அதைப் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் ‘விழப்போற பல்லுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க வேண்டிய பல் பத்து வயதிலேயே போய்விடும். நம் கதாநாயகன் இதற்கு நேர் எதிர். நிலைப்பல் என்று எல்லோரும் நம்பும் பால் பல் அது.

✦

எந்தப் பல் அதிகம் உருவாகாமல் போகிறது? ஞானப்பல்லைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2004-ல் வந்த ஓர் அலசலின்படி, ஐரோப்பாவில் நூற்றுக்கு ஐந்தரை பேர் வீதம் ஏதாவது ஒரு நிலைப்பல் பிறவியிலேயே இல்லாதவர்கள். இப்படி இல்லாமல் போன பற்களை எண்ணிப் பார்த்தால் பத்துக்கு நான்கு இந்தக் கீழ்ப்பல்தான். அடுத்த இடம் மேல்வரிசையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லுக்கு. மூன்றாமிடம் மேல்வரிசையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகம். பெரும்பாலோருக்கு இல்லாதது ஒன்றோ இரண்டோதான். ஆறும் அதற்கு மேலும் இல்லையென்றால் அது வேறு கதை. அதற்குப் பின்னால் வருவோம்.

இந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, கவனித்தீர்களா? வெட்டுப்பல் இரண்டில் இரண்டாவது. முன்கடைவாய்ப் பல் இரண்டில் இரண்டாவது. கடைவாய்ப் பல் மூன்றில் மூன்றாவது, அதாவது ஞானப்பல். ஒவ்வொரு வகையிலும் கடைசியாக உருவாகும் பல்தான் பெரும்பாலும் காணாமல் போகிறது. 1945-லேயே டால்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எடுத்துக்காட்டிவிட்டார்.

✦

ஞானப்பல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலகில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. சீனாவின் லாண்டியன் பகுதியில் 1963-ல் கிடைத்த ஆதிமனிதத் தாடை எலும்பிலும் ஞானப்பற்கள் பிறவியிலேயே இல்லை. ‘மென்மையான சாப்பாடு சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பல் குறைந்துபோச்சு’ என்று பேசுபவர்கள் லட்சக்கணக்கான ஆண்டு பழைய இந்தத் தாடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

✦

ஐந்து வயதுக் குழந்தையின் எக்ஸ்ரேயைப் பார்த்து ‘இந்தப் பல் வரவே வராது’ என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டாம் முன்கடைவாய்ப் பல் மெத்தனமானது. வழக்கமாக இரண்டு, இரண்டரை வயதிலேயே அதில் சுண்ணாம்புச்சத்து படியத் தொடங்கும். ஆனால் சில பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயதில்தான் எக்ஸ்ரேயில் அதன் நிழலே தென்படும். அதனால் அனுபவமுள்ள டாக்டர்கள் அவசரப்படுவதில்லை. ஒரு படம் எடுத்துவிட்டு, ஓரிரு வருடம் பொறுத்து இன்னொன்று எடுத்துப் பார்ப்பார்கள். காதிலிருந்து காது வரை இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேதான் இதற்கு உதவுவது.

✦

பால் பல்லுக்கு வேர் உண்டா? நன்றாகவே உண்டு. விழுந்த பல்லைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது வெறும் தொப்பிதானே இருக்கிறது என்றால், வேரைத் தின்றுவிட்டார்கள் என்று பொருள். கீழிருந்து மேலேறும் புதுப்பல்லைச் சுற்றியிருக்கும் பைத் திசு சில செல்களை வரவழைக்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு நெருங்கிய உறவு இவை. பால் பல்லின் வேரை நுனியிலிருந்து அரித்துக்கொண்டே வரும். தொடர்ச்சியாக அல்ல, கொஞ்ச நாள் அரிப்பு, கொஞ்ச நாள் ஓய்வு. ஓய்வு நாட்களில் அரித்த இடம் லேசாகப் பூசி மெழுகப்படவும் செய்யும். பிள்ளைகள் ‘போன வாரம் ஆடுச்சு, இப்போ ஆடலை’ என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

கீழ்ப் பால் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர், மேலதற்கு மூன்று. கோழி இறக்கையை அகட்டிக் குஞ்சை உள்ளே வைத்திருப்பதுபோல, இந்த வேர்கள் அகன்று நின்று நடுவில் முன்கடைவாய்ப் பல்லின் கருவை வைத்திருக்கும். எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி வெறும் எலும்பாகத் தெரிந்தால் வாரிசு இல்லை என்று பொருள்.

வாரிசு இல்லாவிட்டால் வேர் அரிபடவே அரிபடாதா என்றால், அப்படியும் இல்லை. அரிப்பு நடக்கும், ஆனால் நிதானமாக. ஒருவருக்குப் பதினைந்து வயதில் பாதி வேர் போயிருக்கும். இன்னொருவருக்கு ஐம்பதிலும் முழுசாக இருக்கும்.

✦

இந்தப் பல்லுக்குள் உங்கள் பிறந்தநாள் பதிவாகி இருக்கிறது. அலங்காரப் பேச்சு இல்லை, நிஜமாகவே. இரண்டாம் பால் கடைவாய்ப் பல் தாயின் வயிற்றில் ஐந்தாம் மாத வாக்கிலேயே கெட்டிப்படத் தொடங்குகிறது. பிறந்த பிறகு மேலும் பல மாதம் எனாமல் அடுக்கடுக்காகப் படிகிறது. பிறப்பின் அதிர்ச்சியில், அதாவது தொப்புள்கொடி வழியே கிடைத்த ஊட்டம் நின்று சொந்த வாயால் குடிக்கத் தொடங்கும் அந்த நாட்களில், எனாமல் படிவது சற்றுத் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் ஒரு மெல்லிய கோடாக நின்றுவிடும். பல்லை மெலிதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் கோடு தெரியும். கோட்டுக்கு உள்பக்கம் கருப்பையில் உருவானது, வெளிப்பக்கம் பிறந்தபின் உருவானது. 1930-களிலேயே இதை விவரித்துவிட்டார்கள். குழந்தை உயிரோடு பிறந்ததா, எத்தனை நாள் வாழ்ந்தது என்ற கேள்விகளில் தடயவியல் நிபுணர்களுக்கு இந்தக் கோடு இன்றும் சாட்சி.

எனாமல் ஒருமுறை உருவானால் உடம்பு அதைப் புதுப்பிப்பதே இல்லை. தோல், ரத்தம், எலும்பு எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்போது, ஐம்பது வயதுக்காரர் தன் அம்மாவின் வயிற்றில் செய்த எனாமலால் இன்றைக்கும் பட்டாணி மென்றுகொண்டிருப்பார்.

✦

வீட்டிலேயே சந்தேகப்பட வழி உண்டா? உண்டு. பதின்மூன்று வயதைத் தாண்டியும் ஒரு பக்கத்துப் பால் பல் விழாமல், மறுபக்கத்தில் விழுந்து புதுப்பல் வந்துவிட்டதா? அல்லது இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கிறதா? பக்கத்துப் பற்களைவிட வெளுப்பாக, அகலமாக, குட்டையாக ஒரு பல் இருக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் வளர்ச்சி முடிவதற்குள் தெரிந்துகொண்டால் தேர்வுகள் அதிகம். பெற்றோரில் ஒருவருக்கோ அண்ணன் அக்காவுக்கோ இப்படி இருந்திருந்தால் எட்டு, ஒன்பது வயதிலேயே பார்த்துவிடுவது நல்லது.

✦

பால் பல் விழாத எல்லோருக்கும் கீழே பல் இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. புதுப்பல் இருக்கும், கோணலாகப் போயிருக்கும். அல்லது வழியில் ஒரு உபரிப் பல் மறித்துக்கொண்டு நிற்கும். அப்போது சிகிச்சையே வேறு, பால் பல்லை எடுத்து வழிவிட வேண்டியிருக்கும்.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் டஸ்டினாக வந்த கேட்டன் மாட்டராஸோவை நினைவிருக்கிறதா? முதல் சீசனில் முன்பற்கள் இல்லாத சிறுவன். அவருக்கு இருப்பது கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா என்ற பிறவிக் கோளாறு. அவரே வெளிப்படையாகப் பேசி வருவது. இதில் பால் பற்கள் விழாமல் நிற்கும், ஆனால் காரணம் நேர்மாறு. கீழே நிலைப்பற்கள் இருக்கும். கணக்குக்கு மேல் உபரிப் பற்களும் சேர்ந்து எலும்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வராமல் கிடக்கும். காறை எலும்பு சரியாக வளராததால் சிலரால் இரண்டு தோள்களையும் மார்புக்கு முன்னால் தொடவைக்க முடியும். விழாத பால் பல் என்ற ஒரே காட்சிக்குப் பின்னால் இல்லாமையும் இருக்கலாம், மிகுதியும் இருக்கலாம். படம் எடுக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

✦

தட்டிப் பார்த்தாலே சொல்லிவிடும் பல் ஒன்று உண்டு. சாதாரணப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே முடியைவிடச் சற்றே தடிமனான நார்த்திசு இருக்கிறது. பல் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். டாக்டர் தன் கருவியின் பிடியால் தட்டினால் சத்தம் மெத்தென்று கேட்கும். வாரிசு இல்லாத பால் பல் சிலவற்றில் இந்த நார் அழிந்து, வேர் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. அப்போது தட்டினால் ‘டங்’ என்று கூர்மையான ஒலி வரும். ஆட்டினாலும் துளியும் அசையாது.

பெரியவருக்கு இது பெரிய தொந்தரவில்லை. வளரும் பிள்ளைக்குத்தான் சிக்கல். தாடை எலும்பு உயர உயரப் பக்கத்துப் பற்களும் சேர்ந்து மேலேறும். ஒட்டிக்கொண்ட பல் இருந்த இடத்திலேயே நிற்கும். பார்ப்பவருக்குப் பல் அமிழ்ந்துபோன மாதிரி தோன்றும். உண்மையில் அது இறங்கவே இல்லை, மற்றவை ஏறிவிட்டன. சிலருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நிற்கும். அதற்குப் பல்லின் மேல் கொஞ்சம் உயரம் கட்டினால் போதும். சிலருக்கு ஈற்று மட்டத்துக்கே போய்விடும், பின்பக்கத்துப் பெரிய பல் அதன் தலைமேல் சாயும், எதிர்வரிசைப் பல் காலி இடத்தைத் தேடி நீளும், அந்த இடத்தில் எலும்பும் பள்ளமாகிவிடும். அந்தக் கட்டத்தில் பால் பல்லைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. எடுப்பதும் சுலபமில்லை, எலும்போடு ஒன்றானதை எலும்பிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வது ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு வேகமாகப் பள்ளம் விழுகிறது என்பதைப் பொறுத்தே எல்லா முடிவும்.

✦

சின்னப் பிள்ளைப் பல் சின்னதாகத்தானே இருக்கும்? இங்கே தலைகீழ். கீழ்வரிசையின் இரண்டாம் பால் கடைவாய்ப் பல் சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். அதன் இடத்துக்கு வரவேண்டிய முன்கடைவாய்ப் பல் 7 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதனால் பால் பல் நின்றுவிட்டால் வரிசையில் இடம் இறுகும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பூட்டிக்கொள்வதில் சிறு பிசகு வரும். இதற்குச் சில டாக்டர்கள் அதன் இரு ஓரத்தையும் மெல்லச் சீவி, முன்கடைவாய்ப் பல்லின் அளவுக்கு ஒடுக்கிவிடுவார்கள். எவ்வளவு சீவலாம் என்பதற்கு எல்லை வைப்பது அந்த அகன்ற வேர்களும் உள்ளே இருக்கும் நரம்பறையும்.

✦

எத்தனை காலம் தாங்கும்? ஸ்வீடனில் இரண்டாம் முன்கடைவாய்ப் பல் இல்லாத பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருபது வயதுவரை பால் பல் நின்றுவிட்டால், அதற்குப் பிறகும் நீண்டகாலம் நிற்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்பது அதன் சாரம். அமெரிக்காவில் நடுவயதுக்காரர்களை வைத்து 2003-ல் வந்த இன்னோர் ஆய்விலும் பெரும்பாலான பால் கடைவாய்ப் பற்கள் பத்தாண்டுக்கு மேல் கழித்துப் பார்த்தபோதும் வேலை செய்துகொண்டிருந்தன. ‘பால் பல்லா, பிடுங்கிடலாம்’ என்ற பேச்சை யாராவது எடுத்தால், கீழே என்ன இருக்கிறது, வேர் எவ்வளவு மிச்சம், பல் பள்ளத்தில் போகிறதா என்ற மூன்று கேள்விக்கும் விடை வாங்கிக்கொண்டு பிறகு வாயைத் திறங்கள்.

✦

சரி, பலவீனம் இல்லையா? இருக்கிறது. பால் பல்லின் எனாமல் நிலைப்பல்லுடையதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான். உள்ளே நரம்பறை பெரியது, மேற்பரப்புக்கு வெகு அருகில் வரை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் சொத்தை விழுந்தால் நரம்பை எட்ட நாளாகாது. எட்டு வருடம் உழைக்கச் செய்த பொருளை ஐம்பது வருடம் உழைக்கச் சொன்னால் தேயத்தான் செய்யும். மேல்பரப்பு தேய்ந்து தட்டையாகிவிட்டால் பல் நிறத்திலேயே மேலே பூசியோ கேப் போட்டோ உயரம் கூட்டுகிறார்கள்.

வேர் சிகிச்சையில் ஒரு சுவாரஸ்யமான வித்தியாசம். வழக்கமாகக் குழந்தைகளின் பால் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தால், உள்ளே கரையக்கூடிய பசையைத்தான் நிரப்புவார்கள். வேர் அரிபடும்போது அதுவும் சேர்ந்து கரைய வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பல்லுக்கு முட்டுக்கட்டையாகும். வாரிசு இல்லாத பால் பல்லுக்கு இந்தக் கவலையே இல்லை. பெரியவர்களின் பல்லுக்கு நிரப்பும் கட்டா பெர்ச்சாவையே வைக்கலாம். கட்டா பெர்ச்சா மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். 1858-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதே பால்தான். இன்றைக்கு உங்கள் டாக்டர் ‘ஜி.பி.’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

✦

பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? தாடை எலும்பு பல் இருக்கும் இடத்தில்தான் தடிமனாக நிற்கும். இரண்டாம் முன்கடைவாய்ப் பல் இல்லாதவர்களிடம் பால் பல்லை எடுத்தபின் எலும்பு எவ்வளவு மெலிகிறது என்று 1994-ல் அளந்து பார்த்தார்கள். நான்கு வருடத்தில் அகலத்தில் கால் பங்கு போய்விட்டது. அதன்பிறகு தேய்வு மெதுவாகிறது. பின்னாளில் இம்ப்ளாண்ட் வைக்க வேண்டுமென்றால் இந்த எலும்பே மூலதனம். பால் பல் அங்கே வெறுமனே இருப்பதே ஒரு வேலை, எலும்பைக் காத்துக்கொடுக்கிறது.

✦

இம்ப்ளாண்ட்டை ஏன் பன்னிரண்டு வயதிலேயே வைத்துவிடக் கூடாது என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். டைட்டானியம் திருகு எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. மேலே பார்த்தோமே, ‘டங்’ என்று ஒலிக்கும் பல், அதன் குணமே இதற்கும். பிள்ளை வளர வளர இம்ப்ளாண்ட் பள்ளத்தில் கிடக்கும். அதனால் முகத்தின் வளர்ச்சி அடங்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்தக் காத்திருப்புக் காலம் முழுக்க இடத்தையும் எலும்பையும் பார்த்துக்கொள்ள வாயிலிருக்கும் பால் பல்லைவிட மலிவான ஏற்பாடு எது?

ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட் வைத்தார். அந்த நோயாளியும் தாடைக் கோளாறோடும், பிறவியிலேயே பல பற்கள் உருவாகாமலும் இருந்தவர்தான். 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகுகள் வேலை செய்தன.

✦

இம்ப்ளாண்ட் வேண்டாம் என்றால் இரண்டு வழி. ஒன்று, சிறு வயதிலேயே பால் பல்லை எடுத்துவிட்டுப் பின்பல்லை முன்னால் நகர்த்தி இடத்தையே இல்லாமல் செய்வது. பற்கள் ஏற்கெனவே நெருக்கமாக உள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. எப்படியும் ஒரு பல்லை எடுக்கவேண்டிய இடத்தில் இயற்கையே எடுத்துக் கொடுத்துவிட்டது. இடம் தாராளமாக உள்ள வாயில் இதைச் செய்தால் முன்பற்கள் உள்வாங்கி முக அமைப்பே மாறலாம். க்ளிப் போடும் டாக்டரிடம் கேட்காமல் இந்த முடிவை எடுக்கவே கூடாது.

இன்னொன்று, உங்கள் பல்லையே இடம் மாற்றி நடுவது. மேல்வரிசையில் உபரியாக இருக்கும் ஒரு முன்கடைவாய்ப் பல்லை எடுத்துக் கீழே காலி இடத்தில் நடுகிறார்கள். வேர் முக்கால்வாசி வளர்ந்து நுனி திறந்திருக்கும் பருவத்தில் நட்டால், ரத்தக் குழாய் உள்ளே நுழைந்து பல் பிழைத்துக்கொள்ளும். நாற்று நடும் பருவம் தவறினால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நார்வேயின் ஆஸ்லோவில் 1970-களிலேயே இதை முறையாகச் செய்து பதிவும் செய்துவிட்டார்கள்.

✦

‘கர்ப்பமா இருந்தப்போ நான் கால்சியம் மாத்திரை ஒழுங்கா சாப்பிடலை, அதான்’ என்று தன்னையே நொந்துகொள்ளும் அம்மாக்களுக்கு: இல்லை. பெரும்பாலும் இது மரபணுவின் வேலை. 1996-ல் ஒரு குடும்பத்தில் இரண்டாம் முன்கடைவாய்ப் பற்களும் ஞானப்பற்களும் மட்டும் தலைமுறை தலைமுறையாக இல்லாமல் போவதைத் துருவி, எம்.எஸ்.எக்ஸ்.1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2000-ல் பேக்ஸ்9 என்ற மரபணு. இதில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் கடைவாய்ப் பற்கள் அடிபடுகின்றன. பிறகு இன்னும் பல மரபணுக்கள் பட்டியலில் சேர்ந்தன.

2004-ல் பின்லாந்திலிருந்து வந்த செய்தி சற்றுத் திடுக்கிட வைத்தது. ஒரே குடும்பத்தில் பலருக்கு எட்டுக்கும் மேற்பட்ட நிலைப்பற்கள் இல்லை; அவர்களிலேயே பலருக்குப் பெருங்குடல் கட்டிகளும் புற்றுநோயும். இரண்டுக்கும் காரணம் ஆக்சின்2 என்ற ஒரே மரபணு. ஒரு பல் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு இரவில் விழித்திருக்க வேண்டாம். ஆறு, எட்டு என்று பற்கள் இல்லாமல், வீட்டில் குடல் புற்றுநோயும் இருந்தால் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

✦

இதில் டார்வினுக்கும் ஒரு பங்கு உண்டு. வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் நேரும் மாறுபாடுகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்று வருகிறது. நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு இரண்டு தாடையும் சேர்த்து நான்கு சின்ன வெட்டுப்பல்லும் எட்டுக் கடைவாய்ப் பல்லும்தான். உடம்பில் ரோமம் மிகக் குறைவு. இளமையிலேயே வழுக்கை. வெயில் காலத்தில் தோல் வறண்டு படாதபாடு. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வருகிறது என்பதையும் அவர் குறித்துவைத்தார். மெண்டலின் பட்டாணிச்செடி ஆய்வை உலகம் கவனிக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. மரபணு என்ற பேச்சே இல்லாத நாளில் இவ்வளவு துல்லியம்!

இன்று காரணம் தெரியும். பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றும் கருவின் ஒரே மேலுறையிலிருந்து உருவாகுபவை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஈ.டி.ஏ. என்ற மரபணு பழுதானால் மூன்றும் சேர்ந்தே அடிவாங்குகின்றன. பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் லேசாகத் தப்பிக்கிறாள், ஆணுக்கு அந்த வசதி இல்லை. வியர்க்காத குழந்தைக்குக் கோடைக் காய்ச்சல் ஆபத்தானது. பற்களும் குறைவாக இருந்து உடம்பும் வியர்க்கவில்லையென்றால் பல் டாக்டரோடு நிற்காமல் குழந்தை மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

✦

மரபணுவே காரணமாக இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. மூன்று நான்கு வயதுக்குள் புற்றுநோய்க்குக் கீமோவோ கதிர்வீச்சோ எடுத்த குழந்தைகளுக்கு, அந்த நாட்களில் உருவாகிக்கொண்டிருந்த பல்கரு நின்றுபோகலாம். இரண்டாம் முன்கடைவாய்ப் பல் தாமதக்காரன் என்று பார்த்தோமே, அதனாலேயே இதிலும் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவன்தான். உயிரைக் காத்த மருந்தின் சிறு விலை.

✦

பல்லைப் பார்த்து வயது சொல்லும் வழக்கம் மாட்டுச் சந்தையில் மட்டும் இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை நூற்பாலை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஏழைப் பெற்றோரும் முதலாளியும் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்லே நம்பகமான அளவுகோல் என்று 1837-ல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அவர் பிற்பாடு விக்டோரியா அரசியின் பல் டாக்டரானார். இந்த அளவுகோலில் நம் பால் பல்காரர் அகப்பட்டிருந்தால், பதின்மூன்று வயதிலும் பத்து வயதுப் பிள்ளையாகத் தெரிந்திருப்பார். ஆலையில் கொஞ்சம் வேலைநேரமாவது மிச்சமாகியிருக்கும்.

✦

விலங்குகளில் பார்த்தால் பல் மாற்றும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. கங்காரு இனத்தில் தாடையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரே ஒரு பல்தான் விழுந்து முளைக்கிறது. அதுவும் ஒரு முன்கடைவாய்ப் பல். கினிப் பன்றி தாயின் வயிற்றிலேயே பால் பற்களைத் தொலைத்துவிட்டுப் பிறக்கிறது. யானைக்குக் கடைவாய்ப் பல் கீழிருந்து மேலே வருவதே இல்லை. பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும், ஆயுளுக்கு ஆறு முறை. ஆறாவதும் தேய்ந்துபோனால் யானைக்குத் தீனி மெல்ல முடியாது. சுறாவுக்குக் கவலையே இல்லை, வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

✦

இல்லாத பல்லை முளைக்க வைக்க முடியுமா? ஜப்பானில் கட்சு தகாஹாஷி என்ற பல் அறுவை மருத்துவரின் குழு பல வருடமாக இதிலேயே இருக்கிறது. பல் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் யூஸாக்-1 என்ற புரதத்தை ஒரு மருந்தால் தடுத்தபோது, பல் இல்லாமல் பிறந்த எலிகளுக்குப் பல் முளைத்தது. பெரெட் என்ற கீரி போன்ற விலங்குக்கு உபரியாக ஒரு பல்லே வந்தது. 2021-ல் இது வெளியாயிற்று. 2024-ல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முதல் கட்டம் பாதுகாப்பைப் பார்க்க மட்டும், அதுவும் பல் இழந்த பெரியவர்களிடம். அடுத்து வரிசையில் இருப்பவர்கள் பிறவியிலேயே பல பற்கள் இல்லாத குழந்தைகள். ஒரு பல் இல்லாதவர்களுக்கு இது வரும் வரை வாயில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே லாபம்.

✦

நம் ஊர்ப்பக்கம் விழுந்த பால் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள், புதுப்பல் சீக்கிரம் வரட்டும் என்று. காங்கிரீட் வீடு வந்தபின் பலருக்குக் கூரையும் இல்லை, சாணியும் இல்லை. இந்தப் பல்காரர்களுக்கு மட்டும் அந்தச் சிரமம் மிச்சம்.

✦

கடைசியாக ஒரு சின்னத் துப்பு. பல் டாக்டர் எழுதித் தரும் சீட்டில் 36, 47 என்று எண்கள் இருக்கும். முதல் எண் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எண் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதை. நிலைப்பற்களுக்கு முதல் எண் 1 முதல் 4 வரை. பால் பற்களுக்கு 5 முதல் 8 வரை. இரண்டாம் பால் கடைவாய்ப் பற்கள் 55, 65, 75, 85. பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். நாற்பது வயதில் போட்ட கேப்புக்கு நேராக 75 என்று எழுதியிருந்தால், டாக்டர் கைதவறி எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை.